காசியில் விட்ட காய்

"எனக்கு இந்தப் பூமியே வேண்டாம்னு ஆயிடுச்சும்மா," என்றார் சிவக்கொழுந்து.

மரகதவல்லி அம்மையார் அரிவாள்மணையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அதான் வழி பிறந்துடுச்சே," என்றார்.

வழி பிறந்தது ஊருக்கே தெரியும். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரே ஒரு ஆளை அனுப்பப் போகிறார்கள். போகலாம், திரும்பி வர முடியாது. பின்னால் குடியேற வருகிறவர்களுக்காக அங்கே நிலத்தை அளந்து கல் நட்டு வைக்க வேண்டும், உயிருள்ளவரை தனியாக இருக்க வேண்டும். நில அளவைத் துறையில் இருபத்தேழு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்த சிவக்கொழுந்து, யாரும் கேட்காமலே விண்ணப்பம் போட்டார். தேர்வாகியும் விட்டார். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அம்மையார் அவரைவிட ஆறு வயது சின்னவர். மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவார், கேள்வி கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் கேட்டாலும் சொல்ல மாட்டார். சிவக்கொழுந்து பத்து வருஷமாக ஞாயிறு தவறாமல் வருகிற சீடர்.

இன்றைக்கு ஆசீர்வாதம் வாங்க வந்திருப்பதாகச் சொன்னார். அது பாதிதான் உண்மை.

தேர்வுக் கடிதம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே சொல்ல முடியவில்லை. பேருந்து நிலையத்தில் அவர் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அலுவலகத்தில் ஆளுயர மாலை போட்டார்கள். வீட்டுச் சுவர்த் தகராறில் மூன்று வருஷமாகப் பேசாமலிருந்த தம்பி பொன்னையன்கூட வாசல்வரை வந்து, போகிறதுக்கு முன்னால் அந்த முக்கால் அடி இடத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான்.

போகாதே என்று ஒரு ஜீவன் சொல்லவில்லை.

அம்மையாராவது சொல்வார் என்று நம்பி பத்திரத்தைத் தரையில் விரித்து வைத்துக் கும்பிட்டார்.

"நல்லபடியா போங்க," என்றார் அம்மையார்.

சிவக்கொழுந்துக்குச் சுருக்கென்றது. தெருமுனைக் கடைக்குக் கிளம்புகிறவரைக்கூட நம் ஊரில் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வார்கள். வெறும் 'போங்க' அவர் காதுக்குப் புதிது.

அவர் விடவில்லை. தான் செய்யப்போவது எப்பேர்ப்பட்ட துறவு என்று எடுத்துச் சொன்னார். நேர்காணலில், எதைப் பிரிய வருத்தமாக இருக்கும் என்று எல்லோரையும் கேட்டார்களாம். இவர் ஒன்றுமில்லை என்றாராம். முழு மதிப்பெண். குளச்சலிலிருந்து வந்த ரோசம்மா என்கிற ஆய்வாளரோ கடல், மீன், மழை, மருமகள் என்று ஒரு மணி நேரம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொல்லிவிட்டு, இத்தனையும் இருக்கு, ஆனாலும் நான் போகணும் என்றாராம். அவருக்கு இரண்டாம் இடம்தான்.

"அந்தம்மா இப்பவும் தினம் ஃபோன் பண்ணி, சார் கையெழுத்துப் போட்டாச்சான்னு கேக்குது," என்று சிரித்தார் சிவக்கொழுந்து. அம்மையார் சிரிக்கவில்லை.

"போன வருஷம் காசிக்குப் போனீங்களே, என்ன விட்டீங்க?"

காசிக்குப் போகிறவர்கள் ரொம்பப் பிடித்த காயோ பழமோ ஒன்றைக் கங்கையில் விட்டுவிட்டு வர வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அதைத் தொடக் கூடாது.

"பாகற்காய்," என்றார் சிவக்கொழுந்து.

"அவ்வளவு இஷ்டமா சாப்பிடுவீங்களோ?"

சிவக்கொழுந்து பத்திரத்தின் ஓரத்தை நீவிவிட்டார். விவரம் தெரிந்த நாள் முதல் பாகற்காயைக் கண்டால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோகிற ஆள் அவர். கங்கைக் கரையில் மாம்பழம் என்று வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கியது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்.

"சரி, இப்ப என்னென்ன விடறீங்க? சொல்லுங்க."

அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். அரை அடி வரப்புக்கு அரிவாள் தூக்குகிறவர்கள். அளந்து முடிந்ததும் சங்கிலியே சரியில்லை என்கிறவர்கள். வாரம் மூன்று அறிக்கை கேட்கிற மேலதிகாரி. எதிர்வீட்டு மாவு மெஷின். கல்யாண மண்டப மைக்செட். தம்பி.

ஒவ்வொன்றுக்கும் அம்மையார் முறத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பத்திரத்தின்மேல் வைத்துக்கொண்டே வந்தார். ஆறு துண்டு ஆயிற்று. சிவக்கொழுந்து அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

ஆறும் பாகற்காய்.

அவருக்கு முகம் சிவந்தது. கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"மாம்பழம் எது?" என்று கேட்டார், பத்து வருஷமாக அவர் இலையைப் பார்த்து வருகிற அம்மையார்.

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"காலையில சுவத்துக்கு அந்தப் பக்கம் தம்பி பல்லு விளக்கிட்டுக் காறுவான். தெருவே எழுந்திரிக்கும். அந்தச் சத்தம் கேட்டாத்தாம்மா எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். ஐம்பத்தைந்து வயசில், ஃபிளெக்ஸில் படம் வந்த மனுஷன், தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"பயமா இருக்கும்மா. யாராவது ஒருத்தர் போகாதேன்னு சொல்லுவாங்கன்னு பார்த்தேன்."

"அதை நீங்களே சொல்லிக்கலாமே."

சிவக்கொழுந்து அம்மையாரைப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். பாகற்காய் ஈரத்தில் கையெழுத்துப் போடவேண்டிய இடம் ஊறிப் பச்சையாகியிருந்தது.

எழுந்து வாசலுக்குப் போய் முதலில் விண்வெளி அலுவலகத்துக்கும், அடுத்து ரோசம்மாவுக்கும் ஃபோன் செய்தார். அந்தப் பக்கம் ரோசம்மா சிரித்தாரா அழுதாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நூறு முறை நன்றி சொன்னார். உடனே கடலுக்குப் போய் ஒரு குளியல் போட வேண்டும் என்றார், கடைசியாக என்றார்.

திரும்பி வந்தபோது சிவக்கொழுந்துக்கு நடையே மாறியிருந்தது. தலைச்சுமையாகத் தூக்கி வந்த எல்லைக் கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. பசித்தது. கடிதம் வந்ததிலிருந்து அவருக்கு முதல் முறையாக நன்றாகப் பசித்தது. ஃபிளெக்ஸ் நினைவுக்கு வந்தது. கிழித்துக்கொள்ளட்டும், மழைக்கு யாராவது கூரையில் போட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தபோது சிரிப்புக்கூட வந்தது.

அம்மையார் இலை போட்டார். சோறு, மோர்க்குழம்பு. பிறகு வறுவல் சட்டியோடு வந்தார். பழக்க தோஷத்தில் சிவக்கொழுந்து இலையின் குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"காசியில விட்டதும்மா."

"நீங்க எங்க விட்டீங்க? ஒரு நாளாவது தொட்டிருந்தாத்தானே விடறதுக்கு."

சிவக்கொழுந்து கையை எடுத்தார்.

ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். நெற்றி சுருங்கியது, கண்ணில் நீர் முட்டியது. துப்பவில்லை.

"எப்படி இருக்கு?"

"கசக்குதும்மா."

இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

"சட்டியில மிச்சம் இருந்தா கொஞ்சம் கட்டிக் குடுங்க. தம்பிக்கு இதுன்னா உயிரு."