ஏழாம் வளைவு கேஸ்கட்

எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். மலைப்பாதையில் ஏழாவது வளைவைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட்டை ஊதித் தள்ளிவிடும். எஞ்சினுக்கும் ஹெட் என்கிற அதன் தலைக்கும் நடுவில் வைக்கிற மெல்லிய தகடுதான் அந்த கேஸ்கட். அது போனால் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகக் கலந்து, வெள்ளைப் புகை கிளம்பி, வண்டி நடுரோட்டில் மாடு மாதிரி படுத்துக்கொள்ளும்.

பதினாலு வளைவு தாண்டி மேலே இருக்கிறார் எங்கள் குலதெய்வம் ஓடைக்கருப்பு. வருசா வருசம் சாமி கும்பிடு அன்று கிடாயையும் சமையல் அண்டாவையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற உரிமை, என் தாத்தா மாட்டுவண்டி ஓட்டிய காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான். இரண்டு வருடமாகக் கிடாய் ஏழாவது வளைவில் என் வண்டியிலிருந்து இறங்கி, பங்காளி சின்னமாயனின் புது வண்டியில் ஏறிக்கொள்கிறது. "இந்த வருசமும் நடுவழியில நின்னா உரிமை சின்னமாயனுக்குப் போயிரும், மொக்கராசு" என்று பங்காளிகள் கூடிச் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்கு, போன வாரம் ஒத்திகை பார்க்கப் போன இடத்திலும் இரண்டு தடவை கேஸ்கட் போயிற்று. மொத்தம் நாலு. கும்பிடு அன்று காலை எட்டு மணிக்கு, சின்னமனூர் பைபாஸில் பிச்சைமணி அண்ணன் பட்டறையில் வண்டி தலையில்லாமல் நிற்கிறது. பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். நான், என் மனைவி வேலுத்தாய், கிடாய் மூன்று பேரும் காத்திருந்தோம். கிடாய்க்கு மட்டும் அவசரம் இல்லை.

பிச்சைமணி அண்ணனுக்கு வாய் ஓடினால்தான் கை ஓடும்.

"கவலைய விடு தம்பி. சத்தத்தக் கேட்டே கோளாறு சொல்ற ஆளு நானு. போன மாசம் இந்த ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், குமுளி மலையில ஒரு லாரிக்கு மூணாவது சிலிண்டர் பக்கம் கேஸ்கட் கசியுது. காதுல விழுந்துருச்சு. உடனே டிரைவருக்குப் போனப் போட்டுச் சொன்னேன். பய அழுதுட்டான்."

"டிரைவர் நம்பர் எப்படிண்ணே கெடச்சுச்சு?" என்றாள் வேலுத்தாய்.

"லாரி பின்னாடி எழுதியிருந்துச்சுல்ல."

"குமுளியில நிக்கிற லாரியிலயா?"

"காதே அம்புட்டுக் கூர்மைன்னா கண்ணு எம்புட்டு இருக்கும், நீயே யோசி தாயி."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பார்க்காத வைத்தியமில்லை. நாலு புது கேஸ்கட். லேத்துப் பட்டறையில் கொடுத்து ஹெட்டை மட்டம் பிடித்தாயிற்று. போல்ட் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு. அப்படியும் ஏழாவது வளைவு வந்தால் இந்தச் சனியனுக்கு என்ன ஆகிறது?

வேலுத்தாய் மறுபடி ஆரம்பித்தாள். "ஹெட்டு போல்ட்ட அளவு பாத்து முறுக்க ஒரு ரெஞ்சு இருக்காமே. அத வச்சு முறுக்குனா என்னண்ணே?"

"டார்க் ரெஞ்சா?" அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். "என்னப் பாத்தா கேக்குற? ரெஞ்சுக் கம்பெனிக்காரன் நாலு பேரு கோட்டுப் போட்டுக்கிட்டு இதே பட்டறைக்கு வந்தான். என் கை முறுக்கையும் அவன் ரெஞ்சையும் வச்சுப் பாத்தா, மயிரிழை வித்தியாசம். அன்னைக்கே ஊர் ஊராப் போயி வித்த ரெஞ்சப் பூராம் திருப்பி வாங்கித் திருத்திட்டான். இன்னைக்கு உலகத்துல இருக்குற டார்க் ரெஞ்சு அம்புட்டும் என் மணிக்கட்ட அளந்து செஞ்சதுதான்."

"அப்ப அதுவும் ஒங்க கையும் ஒண்ணுதானே" என்று எழுந்துபோனவள், பக்கத்துப் பட்டறையில் ஒரு டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். சொன்ன பேச்சை விழுங்க முடியாமல் அண்ணன் அதை வைத்தே முறுக்க ஆரம்பித்தார். அந்தக் கடுப்பில் புளுகு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

"கேஸ்கட்டு என்ன பெரிய கேஸ்கட்டு! ஒரு தடவ கம்பம் ரோட்டுல லாரி நின்னுபோச்சு. சுத்துப்பட்டுல கேஸ்கட் இல்ல. எதுக்க ஒரு பரோட்டாக் கடை. முந்தின நாள் பரோட்டா ஒண்ண வாங்கி, ஓட்டை போட்டு, ஹெட்டுக்கு அடியில வச்சு முறுக்கிட்டேன். லாரி காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வந்துச்சு. திரும்பி வந்து தொறந்து பாத்தா ஒரு அடுக்குகூடப் பிரியல. டிரைவர் பசியில அதப் பிச்சுத் தின்னுட்டான்."

"சால்னா?"

"ஆயிலு இருந்துச்சுல்ல."

கிடாய் தும்மியது. அண்ணன் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"இதுக்கே ஆச்சரியப்படுறீக. அதே லாரிக்கு ரெண்டாவது தடவ இன்னும் கொஞ்சம் இறுக்கமா முறுக்கிட்டேன். அப்பறம் மலையடிவாரத்துல கியரப் போட்டு ஆக்சிலேட்டர மிதிச்சான் பாரு, எஞ்சின் இழுத்த இழுப்புல லாரி நின்ன எடத்துலயே நிக்குது, மலை சரசரன்னு கீழ எறங்கி வருது! உச்சியில டீக்கடை வச்சிருந்தவரு லாரி பக்கத்துல வந்து நின்னு, 'எத்தன டீ?'ன்னு கேட்டாரு."

"அப்ப நாங்க எதுக்கு ஏறணும்?" என்றாள் வேலுத்தாய். "நீங்களே ஒரு முறுக்கு முறுக்கி மலையக் கூப்பிடுங்க. கிடாய் இங்கேருந்தே ஒரு எட்டு வச்சுக் கோயிலுக்குள்ள போயிரும்."

"இப்ப முடியாது. அதுக்குப் பஞ்சாயத்துல பெர்மிசன் வாங்கணும்."

மணி பத்தரை. ஹெட்டை மாட்டி முடித்தாயிற்று. வேலுத்தாய் வண்டியைச் சுற்றி வந்து மூக்குப் பக்கம் நின்றாள். "எல்லாம் பாத்தீக. இந்த ரேடியேட்டரத் தொறந்து பாத்தீகளாண்ணே?"

"அதத் தொறக்கவே தேவையில்ல." அண்ணன் அக்கம்பக்கம் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "அதுலதான் என் தொழில் ரகசியம் இருக்கு. மஞ்சப்பொடி! ரேடியேட்டர்ல பொடி ஓட்டை விழுந்தா மத்த மெக்கானிக்கெல்லாம் ஒரு சிட்டிகை போடுவான், அடைச்சுக்கும். நான் பிச்சைமணில்ல? இந்த வண்டி மலையேறக் கெளம்புறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் போட்டுவிட்டேன். மொதத் தடவ கால் கிலோ. ரெண்டாந் தடவ அரைக் கிலோ. மூணாந் தடவ ஒரு கிலோ. நாலாந் தடவ அளக்கவே இல்ல."

"ஓட்டை இருந்துச்சாண்ணே?"

"இல்ல. இனிமேயும் வந்துறக் கூடாதுல்ல."

வேலுத்தாய் மூடியைத் திருகி விரலை விட்டாள். அம்மியில் அரைத்து வழித்த மாதிரி மஞ்சள் விழுது அப்பிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஓடிச் சூடு ஆற வேண்டிய குழாய் அத்தனையும் அடைப்பு. சமதரையில் எப்படியோ சமாளித்த எஞ்சின், ஏற்றத்தில் கொதித்துக் கொதித்து ஏழாவது வளைவில் கேஸ்கட்டைத் துப்பியிருக்கிறது. இத்தனை நாளும் என் பாவம், புண்ணியம், முன்னோர் சாபம் என்று நான் எதையெதையோ நினைத்து அழுதிருக்கிறேன். வந்த கோபத்துக்கு அண்ணனையே கழற்றி மாட்டியிருப்பேன்.

"திட்டுறத நாளைக்குத் திட்டலாம், கழட்டுங்க" என்றாள் வேலுத்தாய். ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு அடுத்தாற்போலிருந்த வாட்டர் சர்வீஸுக்கு ஓடினோம். ஈர்க்குச்சியால் குத்தக் குத்த, பைப்பில் அடிக்க அடிக்க, பைபாஸ் நெடுக மஞ்சள் ஓடியது. சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றி, "யாரு வீட்டு விசேசம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதினொன்றேகாலுக்கு வண்டி கிளம்பியது. அண்ணன் பின்னால் அண்டாவுக்கும் கிடாய்க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஏழாவது வளைவில் சின்னமாயன் வண்டியை ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்து வைத்துக் கிடாய்க்காகத் தயாராக நின்றான். வேலுத்தாய் சூட்டு முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "பாதியிலதான் நிக்குது. மிதிங்க." மிதித்தேன். சின்னமாயன் கண்ணாடியில் சின்னதாகி மறைந்தான். அடுத்த ஏழு வளைவும் நான் அழுதுகொண்டேதான் ஓட்டினேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, கோயில் வாசலில் வண்டி நின்றது. பங்காளிகள் எனக்கு மாலை போட்டார்கள். பூசாரி கிடாயின் தலையில் மஞ்சத்தண்ணி தெளித்தார். அது உடம்பை உதறி ஒரு துலுக்குத் துலுக்கியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று எல்லோரும் குலவை போட்டார்கள். பூசாரி அரிவாளை எடுக்கத் திரும்பினார்.

அதற்குள் பிச்சைமணி அண்ணன் பங்காளிகளை வளைத்துப் பிடித்துவிட்டார். "எல்லாம் நம்ம கைவண்ணம்தான். நாலு தடவையும் ரேடியேட்டர்ல மஞ்சத்தண்ணி ஊத்துனேன். ஊத்துன நிமிசமே எஞ்சின் ஒரு துலுக்குத் துலுக்குச்சு பாருங்க, பட்டறையே ஆடிப்போச்சு!"

வேலுத்தாய் குலவையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"ஏண்ணே, மஞ்சத்தண்ணி ஊத்தித் துலுக்கிட்டா அடுத்து தலையக் கழட்டித்தான் ஆகணும்னு இந்தக் கிடாய்க்கே தெரியும். நாலு தடவ கழட்டுன ஒங்களுக்குத் தெரியலையே!"