மூன்று ஹார்ட் டிஸ்கும் உலகம்மாளின் பேச்சும்

இந்தக் கதையைச் சங்கரலிங்கம் பல ஆண்டுகளாக நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. சங்கரலிங்கத்தின் அக்கா உலகம்மாளின் கணவர், திருவாழி அத்தான். நம்ப முடியாததற்குக் காரணமே அதுதான். அத்தானை அவருக்கு நன்றாகத் தெரியும்.

திருவாழி மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். "பூட்டு கழண்டு கையோட வந்தாத்தான் உங்க அத்தானுக்குத் திருப்தி" என்பாள் உலகம்மாள்.

அப்படிப்பட்ட மனிதர் இப்படி ஒரு காரியம் செய்திருப்பாரா? நாக்பூரில் ரயில்வே குடியிருப்பில், வேலை முடிந்து வந்து தனியாக உட்கார்ந்திருக்கும்போது, சங்கரலிங்கம் இதைப் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறார். அத்தான் எதையோ கூட்டிச் சொல்கிறார் என்றே ஒவ்வொரு முறையும் முடிவு செய்தார். அப்படி முடிவு செய்வது வசதியாகவும் இருந்தது.

அத்தான் சொன்னது இது.

உலகம்மாள் பேச்சுக்காரி. காய் நறுக்க உட்கார்ந்தால் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் போலப் பேசிக் காட்டுவாள். பால் சொசைட்டி செயலாளர் மாதிரி இருமுவாள். எதிர்வீட்டு டீச்சர் மாதிரி மூக்கால் பேசுவாள். திருவாழி அதையெல்லாம் பதிவு செய்து வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தார்.

"இதை வெச்சு என்ன செய்யப் போறிய? கோர்ட்டுல கொடுக்கப் போறியளா?" என்று அவள் கேட்பாள். அதுவும் பதிவாகியிருக்கும்.

பிறகு ஒரு காலையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறியது. பேச்சு தேறவில்லை.

அதற்கப்புறம் திருவாழிக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் எல்லாம். அதைப் பொருத்திக் கொடுத்தவர், திறக்க எளிதாக இருக்கட்டும் என்று, திரையின் முகப்பிலேயே 'உலகு' என்ற பெயரில் ஒரு சின்னப் படம் வைத்திருந்தார். அதை இரண்டு தடவை தட்டினால் போதும். அவள் பேசுவாள்.

ஒருநாள் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. திருவாழி உடனே கடைக்குப் போய், கையடக்கமான ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். 'உலகு'வை அதில் பிரதி எடுத்தார். அந்தக் கம்பெனிமேல் சந்தேகம் வந்தது. வேறு கம்பெனியில் இன்னொன்று வாங்கினார். இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டால்? மூன்றாவதும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமைதோறும் மூன்றையும் சோதிப்பார். ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் செருகுவார். தட்டுவார். அவள் குரல் வரும். கொஞ்ச நேரம் கேட்பார். கழற்றி, அவளுடைய கம்பளிச் சால்வையில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஆயுத பூஜைக்கு மூன்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

டக் டக் சத்தம் அதிகமானதும் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிப் போனார்.

"உள்ள இருக்கிற டிஸ்க் சாகப் போகுது சார். புதுசு போடணும். எந்தக் கம்பெனி போடட்டும்?" என்றார் கடைக்காரர்.

அங்கேதான் திருவாழிக்குக் கை கால் ஓடவில்லை. கடையில் ஒருவர் புகழ்ந்த கம்பெனியை இன்னொருவர் திட்டினார். பெட்டிகளில் போட்டிருந்ததைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

"விசாரிச்சுட்டுச் சொல்லுதேன். பழசை மட்டும் இப்பவே உடைச்சிருங்க. என் வீட்டுக்காரி பேசினதெல்லாம் அதுல கெடக்கு. வேற ஆள் காதுல விழக்கூடாது. எங்கிட்ட மூணு காப்பி இருக்கு."

மறுநாள் பஸ் ஏறி அமுதகலா அம்மாவைப் பார்க்கப் போனார்.

அமுதகலா மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் இருந்தார். தேடி வருகிறவர்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுப்பார். திருவாழியைவிட ரொம்ப இளையவர். முன்பு பெங்களூரில், பெரிய பெரிய நிறுவனங்களின் தகவல்கள் அழியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "ஷிப்ட் ஒத்துக்கலை" என்பார். அவரைத்தான் திருவாழி குருவாக வரித்திருந்தார்.

அன்று அமுதகலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க சார். தியானத்துல ஏதாவது சந்தேகமா?"

"இல்லம்மா. ஹார்ட் டிஸ்குல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அதை விட்டு ஓடி வந்து இங்க உக்காந்தா, நீங்க அதைத் தூக்கிட்டுப் பின்னாலயே வர்றீங்களே!"

"வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான். எது நம்பகமானதுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வாங்கிப் போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

"எல்லாமே ஒருநாள் நிக்கும் சார். எது எப்ப நிக்கும்னு செஞ்சவங்களுக்கே தெரியாது."

"அதனாலதான் மூணு வெச்சிருக்கேன்." பையிலிருந்து சால்வையை எடுத்துப் பிரித்தார்.

அமுதகலா குனிந்து பார்த்தார். "குங்குமமெல்லாம் இருக்கு. பிரசாதமும் உண்டா?"

"கேலி பண்ணாதீங்கம்மா. இதுல அவ இருக்கா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்த் தம்முடைய பழைய லேப்டாப்பை எடுத்து வந்து வைத்தார்.

"எங்க, பேசச் சொல்லுங்க. நானும் கேக்கிறேன்."

திருவாழிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பால் சொசைட்டிக்காரர் இருமுறதைப் போடுதேன். விழுந்து விழுந்து சிரிப்பிய" என்று முதல் டிஸ்கைச் செருகினார். 'உலகு' தெரிந்தது. தட்டினார்.

பேச்சு வரவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. தேடுவது இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை.

"உங்க மெஷின் பழசு" என்றார். இரண்டாவதைச் செருகினார். அதே வரி. மூன்றாவதை எடுத்தார். அமுதகலா வாங்கிச் செருகினார்.

அதே வரி.

அமுதகலா அந்தச் சின்னப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதன் மூலையில் கடுகளவு ஒரு அம்புக்குறி இருந்தது.

"சார், இது அவங்க பேச்சு இல்ல. பேச்சு எங்க இருக்குன்னு கை காட்டுற பலகை. திரை முகப்புல இருந்த படத்தைத்தானே பிடிச்சு இதுல இழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"பலகை மட்டும்தான் வந்திருக்கு. பேச்சு உள்ள வேற இடத்துல இருந்திருக்கு. அது வரவே இல்ல."

"அதெப்படி வராமப் போகும்? வாராவாரம் போட்டுப் பாத்தேனே! பேசினாளே! என் காதால கேட்டேனே!"

"எதுல போட்டுப் பார்த்தீங்க?"

"வீட்லதான்."

"அதே கம்ப்யூட்டர்லயா?"

திருவாழி சால்வையில் கிடந்த டிஸ்குகளைப் பார்த்தார்.

"பலகை காட்டுன திசையில அசல் இருந்துச்சு. அதனால பேசுச்சு. உங்க ஆபீஸ்ல ஒரு மீட்டரைச் சோதிக்க அதே மீட்டரையா சார் வெச்சுப் பார்ப்பீங்க?"

இந்த இடத்தில்தான் சங்கரலிங்கத்துக்கு எப்போதும் சந்தேகம் வரும். அத்தானா? ஊரார் மீட்டரையெல்லாம் சரியென்று உறுதி செய்த வேறொரு மீட்டரோடு வைத்து ஒப்பிட்டே காலம் கழித்தவரா?

ஆனால் அத்தான் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கும். அதையும் சங்கரலிங்கம் கவனித்திருக்கிறார்.

திருவாழி போனை எடுத்தார். அந்த வீட்டில் கொல்லையில் துணி துவைக்கும் கல்லருகே மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். செருப்பில்லாமல் ஓடினார்.

"தம்பி, திருவாழி பேசுதேன். அந்தப் பழைய டிஸ்க்... அதை ஒண்ணும் செஞ்சிராதீங்க."

"நேத்தே முடிச்சாச்சு சார். நீங்க சொன்னபடியே. சுத்தியலால அடிச்சு, உள்ள இருக்கிற தட்டையெல்லாம் நொறுக்கிப் பழைய சாமானோட போட்டாச்சு. இனி எவனாலயும் ஒரு வார்த்தை கேக்க முடியாது. கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீங்க. அந்தச் சொல்லைக் கேட்டதும் திருவாழி கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் சோப்புத் தண்ணீரில் கிடந்தது.

அமுதகலா வந்து போனை எடுத்துத் துடைத்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். திருவாழி வெறுந்தரையில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அமுதகலா தண்ணீர் கொடுத்தார்.

"போச்சும்மா. அவ குரல் போச்சு. இனி இந்தப் பூமியில எங்கயும் இல்ல."

"வீட்ல இப்ப யார் இருக்காங்க?"

"அவதான் இருக்கா. பக்கத்து வீட்டம்மா பாத்துக்கிடுதா."

"அவங்க இப்ப பேசுறதே இல்லையா?"

"பேச்சுன்னு என்ன இருக்கு? ஒரே ஒரு சொல்லு. அதையேதான் நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருப்பா. நான் கம்ப்யூட்டர் முன்னால போய் உக்காந்தாப் போதும், இன்னும் அதிகமாயிரும். கத்தக்கூடச் செய்வா. பதிவைக் கேக்கவே விடமாட்டா. அந்தச் சத்தம் காதுல விழக்கூடாதுன்னுதானே நல்ல ஹெட்போனா பாத்து..."

வாக்கியம் பாதியில் நின்றது. தாம் சொன்னதைத் தாமே அப்போதுதான் கேட்டவர் மாதிரி திருவாழி தலையை நிமிர்த்தினார்.

அமுதகலா கேட்டார்:

"என்ன சொல்லு அது?"

திருவாழி வாயைத் திறந்தார். பதிவில் இருந்ததையெல்லாம் அவரால் அச்சுப் பிசகாமல் ஒப்பிக்க முடியும். எங்கே இருமுவாள், எங்கே தானே சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள், எங்கே கத்தியைக் கீழே வைப்பாள், எல்லாம் தெரியும். இது வரவில்லை. அன்று காலையில்கூட அவள் சொல்லியிருந்தாள். அவர் செருப்பு மாட்டும்போது, கதவைச் சாத்தும்போது, பூட்டை இழுத்துப் பார்க்கும்போது.

"ஏதோ..." என்றார். "ஏதோ ஒண்ணு..."

அமுதகலா கீரைத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"போய் அதைக் கேட்டுட்டு வாங்க சார். எந்த டிஸ்க் நல்லதுன்னு அப்புறம் சொல்றேன்."

அத்தான் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். எத்தனை முறை சொன்னாலும் இதைத் தாண்டியதில்லை. "பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்தேன் மாப்ளே. அவ பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன்" என்பார். பிறகு நாக்பூரில் வெயில் எப்படி என்று விசாரிப்பார்.

சங்கரலிங்கம் கேள்விகள் கேட்காமல் இல்லை. அம்புக்குறி உங்கள் கண்ணில் படவே இல்லையா? நொறுங்கிய தட்டிலிருந்து மீட்டுத் தரும் ஆட்கள் சென்னையில் உண்டே, விசாரித்தீர்களா? ஒரு தடவையாவது பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா? எல்லாவற்றுக்கும் அத்தான் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். பதிலில் எங்காவது பிசகு தட்டுகிறதா என்றுதான் இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது உலகம்மாளும் இல்லை. காரியம் முடிந்து சொந்தங்கள் கிளம்பிவிட்டார்கள். அத்தானும் மைத்துனருமாக இரண்டு பேர்தான் வீட்டில். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சங்கரலிங்கத்துக்குச் சாயங்காலம் ரயில்.

நோய் வந்த பிறகு அவர் அக்காவைப் பார்த்தது ஒரே தடவை. ஆஸ்பத்திரியில், குழாய்களோடு. மற்றபடி போன்தான். அதிலும் அத்தான்தான் பேசுவார். அத்தானின் குரலுக்குப் பின்னால் எப்போதும் ஏதோ ஒரு சத்தம், விட்டு விட்டு, ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும்.

"டிவியைக் கொஞ்சம் குறைங்க அத்தான்" என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல.

அது நினைவுக்கு வந்ததும் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. திருவாழி என்னவென்று பார்த்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சங்கரலிங்கம் கேட்டார்:

"அத்தான், அக்கா என்ன சொல்லிக்கிட்டு இருந்தா?"