ஆள்காட்டி கூவாத நாள்

பறவை பேசினால் மனிதனுக்கு விளங்கிய அந்தக் காலத்தில், ஆனி மாதத்து ஒரு நாள், விடிந்து நான்கு நாழிகை ஆகியிருந்தது. மேகம் மலையை மூடியிருந்தது. தூறல் இல்லை, காற்றும் இல்லை. அடிவாரத்துக் கோரைச் சதுப்பின் ஓரத்தில் காத்தமுத்து மண்வெட்டியோடு வந்து நின்றான்.

அந்தச் சதுப்பு, மலையில் விழும் மழையை வாங்கித் தன் சேற்றில் வைத்துக்கொண்டு, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதனால் கீழேயிருந்த ஊர் வெள்ளம் கண்டதில்லை. சதுப்பின் கரையை வெட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. காவல் பொறுப்பு ஆள்காட்டிக் குருவிக்கு. மண்வெட்டியைக் கண்டால் அது கூவ வேண்டும். கூவினால் ஊர் ஓடி வரும். கைம்மாறாக அதன் முட்டையை ஒருவரும் தொடுவதில்லை. ஆனால் அந்த முட்டைகள் ஆண்டுதோறும் ஈரத்தில் கெட்டுப்போயின.

அது தெரிந்துதான் காத்தமுத்து வந்திருந்தான்.

“ஏ நெட்டைக்கால் ஆள்காட்டி, ஊருக்கே காவல் இருக்கியே, உன் முட்டை ஒண்ணாவது பொரிஞ்சிருக்கா? இந்தக் கரையில ஒரு வாய்க்கால் வெட்டுறேன். எனக்கு ரெண்டு வயல், உனக்குக் காஞ்ச மண்ணு. நீ பேசாம இருந்தா போதும்.”

“பெருமழை வந்தா?”

“ஓடைக்கு வழி தெரியாதா என்ன?”

குருவி சேற்றைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் வெட்டினான். ஆளுயரக் கோரை வெட்டிய இடத்தை மறைத்தது. மனைவி சிலம்பாயியிடம்கூட அவன் சொல்லவில்லை.

நீர் வடிந்த மண்ணில் குருவி நான்கு முட்டைகள் இட்டது. அவை பொரிய இரண்டே நாள் இருந்தபோது, நண்பகலில் பெருமழை பிடித்தது. காத்தமுத்து மேலே புது வயலில் இருந்தான். தங்க இடமில்லாத நீர் முட்டைகளை வாரிக்கொண்டு வாய்க்கால் வழியே ஊரை நோக்கிப் பாய்ந்தது. கீழே சிலம்பாயி, ஓடையோரம் கட்டியிருந்த கன்றை அவிழ்க்கப் புறப்பட்டாள். அண்டை வீட்டார் தடுத்தார்கள்.

“இந்த வருசம் ஆள்காட்டி கூவவே இல்லையே. கரை பத்திரமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஊரார் அவளைத் தாழம்புதரில் கண்டெடுத்தார்கள். கன்றின் கயிறு கையில் சுற்றியிருந்தது. கொள்ளி வைத்துவிட்டுக் காத்தமுத்து மண்வெட்டியோடு நேரே சதுப்புக்குப் போனான். முட்டைகள் இருந்த இடத்தில் நின்ற குருவி, மண்வெட்டியைக் கண்டதும் அலறியது.

“அடைக்கத்தான் வந்தேன்” என்றான் அவன்.

அது நிறுத்தவில்லை. ஊர் ஓடி வரவில்லை. ஊர் இன்னும் சுடுகாட்டில் இருந்தது.

அன்று முதல்தான், மண்வெட்டியோ வெறுங்கையோ, நீர்க்கரையில் ஆள் நிழல் விழுந்தாலே ஆள்காட்டி அலறுகிறது. வந்தவர் வெட்ட வந்தாரா, அடைக்க வந்தாரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.