கொறைரா அண்ணாச்சி கட்டிய அறை

பொன்னரசி டீச்சரிடம் ஒலிப்பதிவு படித்தவர்களில் வயதானவர் மிக்கேல் கொறைரா அண்ணாச்சிதான். டீச்சருக்கு முப்பத்தைந்து இருக்கும். அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். முதல் நாள் டீச்சர் உள்ளே வந்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். நல்ல மனுசன். பயங்கரப் பிடிவாதக்காரர். இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் வீட்டில் இருக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். தொழிலுக்கு ஆகுமே என்று நானும் அங்கே போய்ப் படித்தேன். அண்ணாச்சி வந்த காரணம் வேறே.

அவர் மனைவி ஜெசிந்தா அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்பெட்டியை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டால் அப்புறம் பேச்சு இல்லை. ஒரே மகன் லெயோன், கப்பலில் இருக்கிறான். அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம். எங்கள் தெருவில் மாப்பிள்ளை கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டில் முட்டி போடுவான். பெற்றவள் அவன் நெற்றியில் சிலுவை போட்டு, வாய்விட்டு ஆசீர் சொல்வாள். அக்காவின் அந்த ஆசீரை இப்போதே பதிந்து வைத்துவிட வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் ஆசை.

"ஊரே கூடியிருக்கும். மைக் செட்டுல போடணும். ஒரு பிசிறு இருக்கக் கூடாது டீச்சர்" என்றார்.

அதற்காக மகனுடைய அறையை ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டிருந்தார். எவ்வளவு செய்தும் எதிரொலி போகவில்லை. ஒரு நாள் காலையில் டீச்சரை வீட்டுக்கே கூப்பிட்டார். மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

அறையில் ஒரு சாமான் இல்லை. நாலு சுவரிலும் முட்டை அட்டை ஒட்டியிருந்தார். ஜன்னலை பிளைவுட் வைத்து அடைத்திருந்தார். உள்ளே போனதும் சட்டை நனைந்துவிட்டது.

டீச்சர் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினார். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்கியது.

"முட்டை அட்டை முட்டைக்குத்தான் ஆகும் அண்ணாச்சி" என்றார். "முன்னால இந்த அறையில என்ன இருந்துச்சு?"

"மவன் கட்டிலு, பஞ்சு மெத்தை, துணி போடுற அலமாரி. எல்லாத்தையும் வெளிய போட்டுட்டேன்."

"எதுக்கு?"

"ஸ்டூடியோன்னா சுத்தமா இருக்கணும்லா?"

"அப்ப இந்த அறை இப்படிக் கத்துச்சா?"

அண்ணாச்சி யோசித்தார். "இல்ல" என்றார்.

"மெத்தையக் கொண்டு வாங்க."

மெத்தை வந்தது. அதை ஒரு மூலையில் நிமிர்த்திச் சாத்தச் சொன்னார். அலமாரியைத் தூக்கி வந்து துணியோடு கதவைத் திறந்து வைத்தோம். கொடியில் கிடந்த ரெண்டு போர்வையை எதிர்ச்சுவரில் தொங்கவிட்டோம். டீச்சர் மறுபடி கைதட்டினார். சத்தம் தட்டின இடத்திலேயே நின்றுவிட்டது, ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு 'டொம்' கேட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரம் ஜெசிந்தா அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தார். குரல் கம்மிப்போய் காற்றும் சத்தமுமாக வந்தது. ஆனாலும் கேலிக்குக் குறைச்சல் இல்லை.

"டீச்சர், இவிய கோயில் கட்டுதாவ. கட்டி முடிக்கதுக்குள்ள சாமியாரு ஊர விட்டே போயிருவாரு."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார்.

டீச்சர் மைக்கைப் பொருத்தினார். ஒரு முக்காலியை இழுத்து மைக் முன்னால் போட்டார். "அக்கா, உக்காருங்க" என்றார்.

அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அவருக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்திருக்கும் போல. வாயைத் திறந்துவிட்டார்.

"இரு, இரு" என்றார் அண்ணாச்சி. "டீச்சர், இன்னைக்கு வேண்டாம். அந்த மூலையில இன்னும் 'டொம்'முங்குது. இவ தொண்டையும் இன்னைக்குச் சரியில்ல. ஆப்பரேசனுக்கு ஒரு மாசம் கெடக்கு."

"இது போதும் அண்ணாச்சி."

"ஒரே தடவதான் டீச்சர் கெடைக்கும். அரைகுறையா செய்ய எனக்கு மனசு வரல."

டீச்சர் அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து தேத்தண்ணித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். எனக்கு அண்ணாச்சி மேல் கோவம் கோவமாக வந்தது. ஆனாலும் பெண்டாட்டி மேல் உயிராக இருக்கிறவனிடம் என்னத்தைச் சொல்ல?

கிளம்பும்போது டீச்சர் ஒன்று மட்டும் சொன்னார்.

"தினமும் சோதனை பண்ணி எனக்கு அனுப்புங்க. ஒரு கைதட்டல். பிறகு அரை நிமிஷம் சும்மா இருங்க, மைக் ஓடட்டும். எதையும் வெட்டாம முழுசா அனுப்புங்க."

அண்ணாச்சி சொன்னபடி செய்தார். மெத்தையும் போர்வையும் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மறுபடி வெளியே போட்டார். மரச்சட்டம் அடித்து, கம்பளிப்பஞ்சு திணித்து, துணி இழுத்துக் கட்டிப் பலகை பலகையாகச் செய்தார். மூலைக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வைத்ததும் கைதட்டிப் பதிந்து அனுப்புவார். வகுப்புக்கு வந்தால் அதே பேச்சு.

"டீச்சர், எதிரொலி குறைஞ்சிட்டு. இப்ப கதவு வழியா வீட்டுச் சத்தம் கசியுது. என்ன செய்ய?"

"கதவைத் திறந்து வெளிய வாங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரித்தார். டீச்சர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார். அதற்கு மேல் ஒரு கனத்த திரை போட்டார்.

"இப்ப?" என்று கேட்டார்.

டீச்சர் அன்றைய சோதனையையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்கு மூச்சு அடைத்துவிட்டது. அண்ணாச்சி அறைக்குள் கடைசிப் பலகையை ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைக் குத்து குத்தென்று குத்திய பிறகுதான் அவருக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விட வைத்தார்கள். இனி நாள் பார்க்க முடியாது என்று அந்த வாரமே ஆப்பரேசனும் முடிந்துவிட்டது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார், சமைக்கிறார், நடமாடுகிறார். கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் தட்டத்தில் தட்டுகிறார்.

அண்ணாச்சி வெகுநாள் கழித்து வகுப்புக்கு வந்தார். தாடி விட்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வழக்கமான நாற்காலியில் உட்காராமல் கதவோரமே நின்றார்.

"டீச்சர், அறை முடிஞ்சிட்டு" என்றார். "ஊசி விழுந்தாக் கேக்கும். அதுக்குள்ள உக்காந்திருக்கேன். என்னத்தப் பதிய?"

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுவதைப் பார்க்க முடியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்காரவைத்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டவில்லை. ஸ்பீக்கரிலேயே ஒரு பதிவைப் போட்டார்.

ஒரு கைதட்டல். எதிரொலி. பிறகு கதவுக்கு வெளியே இருந்து அக்காவின் கம்மிய குரல்.

"ஏங்க, தேத்தண்ணி ஆறுது."

"சத்தம் காட்டாத ளா!" இது அண்ணாச்சி.

அடுத்தது. கைதட்டல். எதிரொலி முன்னைவிடக் குறைவு.

"ஏங்க, மீனு வந்திருக்கு. சாளை வாங்கவா, நெத்திலி வாங்கவா?"

"சும்மா கெடயம்ளா!"

அண்ணாச்சி நிமிர்ந்தார். "இது நான் அனுப்புன சோதனையில்லா?"

"ஆமா."

"இதுல அவ பேசுதா."

"எல்லாத்துலயும் பேசியிருக்காங்க."

"நான் கேக்கவே இல்லியே டீச்சர். கைதட்டுனதும் எதிரொலி நிக்கான்னு மட்டும்தான் கேட்டேன். என்கிட்ட இருந்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

டீச்சர் ஒவ்வொன்றாகப் போட்டார். சோறு வெந்துவிட்டது, மழை வருகிற மாதிரி இருக்கிறது, லெயோன் போன் பண்ணினான், எல்லாம் அக்கா குரலில் வந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் அண்ணாச்சி ஒரு அதட்டல் போட்டிருந்தார். போகப் போக எதிரொலி குறைந்துகொண்டே வந்தது. அக்காவின் குரலும் கதவுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி ஒன்று மிச்சம் இருந்தது. டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் போட்டார்.

கைதட்டல். எதிரொலி துளிகூட இல்லை. கதவைத் தள்ளித் திறக்கிற சத்தம்.

"ஏங்க, ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டா? இப்படிச் சொன்னாப் போதுமான்னு கேளுங்க." அக்கா செருமுவது கேட்டது. "லெயோனு, என் ராசா, மாதா ஒனக்கு..."

"ஏ ஜெசிந்தா! ஒரு அரை நிமிசம் வாய மூடிட்டு இருக்க முடியாதா ஒனக்கு? எத்தன தடவ சொல்லுதேன்! இந்த வேலையெல்லாம் யாருக்காகச் செய்யுதேன் நானு? ஒனக்காகத்தான ளா செய்யுதேன்!"

அண்ணாச்சி கத்திக்கொண்டே போகிறார். அக்காவும் நிறுத்தவில்லை. அவர் சத்தத்துக்கு அடியில் அக்கா குரல் தாழ்வாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆசீரைக் கடைசி வரைக்கும் சொல்கிறார். வார்த்தை பிடிபடவில்லை, 'ஆமென்' மட்டும் தெரிகிறது. பிறகு கதவு சாத்துகிற சத்தம். அதற்கப்புறம் சுத்தமான அமைதி.

"இன்னொரு மட்டம் போடுங்க" என்றார் அண்ணாச்சி.

டீச்சர் போட்டார்.

"இன்னும் ஒரு மட்டம்."

அதையும் போட்டார். அண்ணாச்சி ஸ்பீக்கர் மேல் காதை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் ரெண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒங்களால முடியாதது இல்ல. இதுல என் சத்தத்த மட்டும் எடுத்துத் தந்திருங்க. அவ சொன்னது மட்டும் போதும். எதிரொலி இருந்தாலும் பரவாயில்ல, கரகரப்பு இருந்தாலும் பரவாயில்ல. என்னைய மட்டும் எடுத்திருங்க."

டீச்சர் அவருடைய கையைப் பிடித்து இறக்கினார்.

"நேத்து முழுக்க அதுக்குத்தான் உக்காந்திருந்தேன் அண்ணாச்சி."

"முடியலியா?"

"அக்கா ஆசீர் சொல்ற நேரம் பூரா நீங்களும் பேசியிருக்கீங்க. உங்களை எடுத்தா அவங்களும் போயிடுறாங்க."