காவல்காரர்கள் வாசித்த கெட்டிமேளம்

ஒரு காட்டில் கவையன் என்றொரு புள்ளிமான் இருந்தான். தன் மனைவி துவரியை அவன் கடைசியாக உயிரோடு பார்த்தது மகளின் கல்யாணத்தில்தான். பந்தலுக்கு வெளியே, புதரோரமாக அவள் நின்றாள். அவளுடைய வாய் திறந்து திறந்து மூடியது. என்ன சொல்கிறாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. மேளச் சத்தம் அப்படி. இன்னும் பலமாக அடிக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கொம்பை உயர்த்திக் காட்டினான். மேளம் இன்னும் பலமானது.

அது எப்படி நடந்தது என்று கேளுங்கள், குழந்தைகளே.

மகள் மின்னிக்கு ஆற்றின் அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. நாள் குறித்தாகிவிட்டது. பந்தலுக்குத் தழை வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு யாரை வாசிக்கச் சொல்வது என்பதுதான் பாக்கி.

"குயிலைக் கூப்பிட்டுடலாங்க. இனிமையாப் பாடும். பக்கத்துல நிக்கிறவங்க பேசினாலும் காதுல விழும்" என்றாள் துவரி.

"ஒத்தைக் குயில் உட்கார்ந்து கூவினா அது கல்யாணமா? சம்பந்தி வீட்டுக்காரங்க அக்கரைக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க" என்றான் கவையன்.

அந்தக் காட்டில் ஒரு நரி இருந்தது. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அழைக்காமலே வந்து உட்கார்ந்துவிடும்.

"அண்ணாச்சி சொல்றதுதான் சரி" என்றது நரி. "மாலை மாத்துற நேரத்துல யாராவது தும்மினா ஆகாது, அழுதா ஆகாது. அந்தச் சத்தத்தை எல்லாம் அமுக்கத்தானே கெட்டிமேளம்? குயிலை வெச்சு எதை அமுக்குவீங்க? கொசுவையா?"

கவையன் விழுந்து விழுந்து சிரித்தான். துவரி சிரிக்கவில்லை.

"அப்போ யாரைக் கூப்பிடலாம்? நீயே சொல்லு" என்று நரியைக் கேட்டான் கவையன்.

"இந்தக் காட்டுல குரல் உள்ளவங்க யாரு? மர உச்சியில கருமந்திக் கூட்டம். பாறை மேல மயில்கள். ஆத்தங்கரையில ஆள்காட்டிக் குருவி. மூணு தரப்பும் ஒரே பந்தல்ல சேர்ந்தா, சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் போய் விழும்!"

கவையனுக்கு அப்போதே அந்தச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது.

துவரிக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்றால் அந்த மூவரும்தான் மான்களுக்குக் காவல். சிறுத்தையின் வால் நுனி புல்லில் அசைந்தால்கூட முதலில் கத்துவது அவர்கள்தான். அவர்கள் மேலே இருக்கும் தைரியத்தில்தான் மான்கள் தலையைக் குனிந்து மேய்கின்றன.

"அவங்க எல்லாரும் பந்தலுக்கு இறங்கி வந்துட்டா, காவலுக்கு யார் இருப்பா?" என்று கேட்டாள்.

"முகூர்த்தம் எவ்வளவு நேரம் மதினி? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றது நரி. "சரியா அந்த நேரத்துக்கு வரச் சொல்லி, சிறுத்தைக்கு யாராவது பத்திரிகையா வெச்சிருக்காங்க?"

"ஆள்காட்டியையாவது விட்டுடுங்களேன். அது ஒண்ணு ஆத்தங்கரையில இருக்கட்டும்."

"நல்லாச் சொன்னே! அது தனியா நின்னு கத்தினா அபசகுனம். பந்தல்ல இருந்தா மேளத்தோட மேளமாப் போயிடும். நல்ல காரியம் பேசுற இடத்துல சிறுத்தை பேச்சை எடுக்காதே" என்று கவையன் அதட்டினான்.



செய்தி கேட்டதும் மந்திகளுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்களைக் காவலுக்குத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. வாசிக்கக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான்!" என்றது மூத்த மந்தி. ஆள்காட்டி மட்டும் தயங்கியது. "எனக்கு வர்றது ஒரே ஒரு சத்தம்தானே, பரவாயில்லையா?"

"அதையே விடாம கத்து. போதும்" என்றான் கவையன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மந்திகள் பொந்து விழுந்த அடிமரத்தை உருட்டி வந்து இரண்டு கையாலும் அறைந்தன. மயில்கள் அகவின. ஆள்காட்டி தன் ஒரே சத்தத்தை ஓயாமல் கத்தியது. அக்கரைக்காரர்கள் அசந்துபோனார்கள்.

"சம்பந்தி! காது அடைச்சுப் போச்சு!" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கத்தினான்.

"என்னது?" என்று கவையன் பதிலுக்குக் கத்தினான். இருவருக்கும் ஒரே சிரிப்பு.

மின்னி மாலைக்குக் கழுத்தை நீட்டினாள். பக்கத்தில் தாய் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கவையன் தேடினான். துவரி பந்தலுக்கு வெளியே, புல்வெளியைப் பார்த்தபடி தனியாக நின்றிருந்தாள். பெற்ற மகள் மாலை மாற்றுவதைப் பார்க்காமல் அங்கே என்ன வேலை என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. காவல் நின்றது அவள் ஒருத்திதான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

அப்போதுதான் அவள் திரும்பினாள். அவளுடைய வாய் திறந்து திறந்து மூடியது. அவன் கொம்பை உயர்த்தினான்.

ஆள்காட்டி சிறுத்தையைப் பார்த்துவிட்டது. உயிர் போகிறாற்போல் கத்தியது. காலையிலிருந்து கத்திய அதே சத்தம்தான். எல்லோரும் ரசித்துத் தலையாட்டினார்கள்.

புதரிலிருந்து மஞ்சளாக ஏதோ பாய்ந்தது. துவரி நின்ற இடத்தில் துவரி இல்லை.

மேளம் அப்போதும் நிற்கவில்லை. மூத்த மந்தி கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஒரு மயில் நிறுத்தியது. பிறகு ஒரு மந்தி. பிறகு எல்லாம் அடங்கியது. அந்த அமைதியில், கனமான எதையோ புல்லில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

அக்கரை மான்கள் மின்னியை நடுவில் விட்டு வளைத்துக்கொண்டு ஆற்றில் பாய்ந்தன. மந்திகள் மரம் ஏறின. கவையன் நின்றபடியே நின்றான். உயர்த்திய கொம்பை இறக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. கண் மட்டும் நரியின் பக்கம் போனது.

"என்னை ஏன் பாக்கறீங்க, அண்ணாச்சி?" என்றது நரி. "சத்தமா வேணும்னு ஆசைப்பட்டது நீங்கதானே?"

சொல்லிவிட்டு, சாய்ந்து கிடந்த புல்லின் தடத்தைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் சிறுத்தையின் பின்னால் போனது.

மின்னி இப்போது அக்கரையில் இருக்கிறாள். தண்ணீர் குடிக்க இந்தத் துறைக்கு அவள் வருவதில்லை.

நீதி: ஊர் மெச்ச எழுப்பும் சத்தத்தில், நம்மைக் காக்கக் கூப்பிடும் குரல் நமக்கே கேட்காமல் போகும்.