புளிப்பைக் கேட்டு வாங்கிய கொடி

மலைக்குள் நெருப்பு இன்னும் முழுதாக அணையாத காலம். அந்தக் காலத்தில் மலை பேசும், மூடுபனி பேசும், திராட்சைக் கொடி பேசும். மனிதர்களுக்கும் அது கேட்கும்.

ஹங்கேரி நாட்டின் வடகிழக்கில், போத்ரோக் ஆறும் திசா ஆறும் கூடும் இடத்தில் ஓர் எரிமலைக் குன்று இருந்தது. நெருப்பைக் கக்கிக் கக்கிக் களைத்துப்போன குன்று. இனியாவது தன் மேல் பச்சையாக ஏதாவது வளரட்டும் என்று அதற்கு ஆசை வந்தது. திசையெல்லாம் காற்றை அனுப்பித் திராட்சைக் கொடிகளை அழைத்தது.

"வருகிறவர் யாரும் வெறுங்கையோடு நிற்க வேண்டாம். என்னிடம் இருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றது.

முதலில் வந்த முஸ்கட் கொடி ரோஜாவின் மணத்தைக் கேட்டது. அடுத்து வந்த ஹார்ஷ்லெவெலூ கொடி தேனின் மணத்தைக் கேட்டது. பின்னால் வந்தவற்றில் ஒன்று சீக்கிரம் பழுக்கும் வரத்தையும், இன்னொன்று மழைக்குக் கிழியாத தடித்த தோலையும் வாங்கிக்கொண்டன. எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஃபுர்மின்ட் கொடி வந்து சேர்ந்தது. வழியில் தங்கிய ஒவ்வோர் இடத்திலும் வேர்விட்டு மண்ணைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி வேரைப் பிடுங்கிக்கொண்டு வந்ததால் அத்தனை தாமதம்.

மலைக்குச் சங்கடமாகிவிட்டது. "என்னிடம் இனி ஒன்றுதான் இருக்கிறது. நெருப்பு அடங்கியபோது என் அடிவயிற்றில் தங்கிய புளிப்பு. யாரும் அதைத் தொடவில்லை."

"எவ்வளவு இருக்கிறது?"

"நிறைய இருக்கிறது. ஆனால் யோசித்துக் கேள். அதைச் சுமக்கும் கொடி மற்றவை எல்லாம் பழுத்த பிறகும் பழுக்காது. பறவைகூடக் கொத்திவிட்டுத் துப்பும்."

"நீ எத்தனை காலம் நெருப்பைச் சுமந்தாய்?"

"எனக்கே நினைவில்லை."

"அவ்வளவு காலம் சுமந்த ஒன்றில் தங்கியது அற்பமாக இருக்காது. முழுவதையும் கொடு. ஆனால் ஒன்று. மிச்சத்தை எடுத்துக்கொண்டது என்று யாரிடமும் சொல்லாதே. கேட்டு வாங்கியது என்று சொல்."

மலை சிரித்தது. நெருப்புக் கக்காமல் அது சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் குன்றின் தெற்குச் சரிவில் போர்பாலா என்ற பெண்ணும் அவள் அண்ணன் அம்ப்ருஷும் தோட்டம் போட்டார்கள். ஃபுர்மின்ட் கொடியைத் தேர்ந்து நட்டவள் போர்பாலா. அடுத்த தோட்டக்காரன் தெமெதெர் முஸ்கட் வைத்திருந்தான். செப்டம்பரில் அவன் பழங்கள் மணத்துப் பறிப்புக்குத் தயாராகும்போது, போர்பாலாவின் கொடியில் பச்சைக் கோலிகள் தொங்கும். ஒவ்வோர் ஆண்டும் அம்ப்ருஷுக்குப் பொறுக்காமல் பச்சையாகவே பறித்துப் பிழிந்துவிடுவான். அந்த மதுவைக் குடித்தவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் அடுத்த வார்த்தை பேசுவார்கள்.

"போன வருஷம் உங்க பழத்துல ஒரு கொத்து என் கழுதை தின்னுச்சு. இன்னும் மூஞ்சி நேராகல" என்றான் தெமெதெர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

"உன் கழுதைக்காவது மூஞ்சி இருக்கு. உன் மதுவுக்கு அதுவும் இல்ல. ஈஸ்டர் வரைக்கும் ரோஜாப்பூ, அப்புறம் பூ ஊறின தண்ணி" என்றாள் போர்பாலா.

தெமெதெர் சிரித்துவிட்டான். அம்ப்ருஷ் சிரிக்கவில்லை.

"அவன் சொல்றதுல என்ன தப்பு? ஏழு வருஷமா ஊரே நம்மள வச்சுச் சிரிக்குது. இந்தப் பனிக்காலம் முடிஞ்சு கிளை நறுக்கிக் கவாத்து பண்ண வர்ற அன்னிக்கு நான் கத்தி எடுத்துட்டு வரமாட்டேன். கோடரிதான். வேரோட எடுத்துட்டு முஸ்கட் வச்சிடுவோம்."

"ஏழு வருஷமும் நீதானே அண்ணே காயா பறிச்ச? இந்த ஒரு வருஷம் நான் சொல்ற அன்னிக்குப் பறிப்போம். கவாத்து அன்னிக்குப் பீப்பாயத் திறந்து குடிச்சுப் பாரு. வாய்க்குப் பிடிக்கலேன்னா நானே கோடரியப் பிடிக்கிறேன்."

அம்ப்ருஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "சரி. வாக்கு மாறக் கூடாது."

அன்று மாலையே போர்பாலா கொடியின் அருகே போய் உட்கார்ந்தாள். "எல்லாம் கேட்டுச்சுல்ல? எப்பப் பறிக்கணும்னு நீயே சொல்லு. நீ வாயத் திறக்கிற வரைக்கும் ஒரு பழத்துல கை வைக்க மாட்டேன்."

"சொல்கிறேன்" என்றது ஃபுர்மின்ட்.

ஆனால் அதற்கே தெரியவில்லை. செப்டம்பர் போயிற்று. தெமெதெர் பறித்து முடித்தான். அக்டோபர் பாதி ஆயிற்று. பழங்கள் மெல்ல மஞ்சளேறின, தோல் மெலிந்தது, ஆனால் உள்ளே புளிப்பு அசையாமல் நின்றது. கொடி தன்னைத்தானே கேட்டுக்கொண்டது: கேட்டு வாங்கினேன் என்று மலையிடம் சொன்னேனே, அது பெருமையா? அல்லது வேறெதுவும் கிடைக்காததை மறைக்கச் சொன்ன பொய்யா? பொய்தான் என்றால், இந்தப் பெண் என்னை நம்பிக் கொடுத்த வாக்குக்கு யார் பொறுப்பு?

பதில் கிடைக்காத ஒரு விடியற்காலையில் இரண்டு ஆறுகளிலிருந்தும் மூடுபனி எழுந்து சரிவில் ஏறியது. அதன் முதுகில் சாம்பல் பூஞ்சை உட்கார்ந்திருந்தது. எந்தத் தோட்டத்திலும் அதற்கு இடம் கிடையாது. மற்றக் கொடிகள் இலையை மடக்கி, பழத்தை இறுக்கி, "போ, போ" என்றன. பூஞ்சை கடைசியாக ஃபுர்மின்டிடம் வந்தது.

"நீயும் விரட்டப்போகிறாயா?"

"நீ தொட்டது அழுகிவிடும் என்கிறார்கள்."

"நான் தண்ணீர் குடிக்கிறேன், அவ்வளவுதான். தண்ணீர் போன பிறகு உள்ளே நிற்க ஒன்றும் இல்லாதவர்கள் சரிந்துவிடுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்? உன்னிடம் நிற்க ஏதாவது உண்டா?"

யாரும் அதுவரை கொடியை அப்படிக் கேட்டதில்லை.

"புளிப்பு இருக்கிறது" என்றது ஃபுர்மின்ட்.

பூஞ்சை ஒரு பழத்தின் தோலை நக்கிப் பார்த்தது. "இருக்கிறதுதான். இதை என்னால் குடித்து முடிக்க முடியாது. காலையில் பனியோடு வந்து குடிப்பேன். நடுப்பகலில் வெயிலும் காற்றும் வந்தால் தூங்கிவிடுவேன். ஆனால் முன்கூட்டியே சொல்கிறேன், பிறகு குறை சொல்லாதே. கொடிகளின் குரல் தண்ணீரில்தான் இருக்கிறது. தண்ணீரைக் குடித்தால் குரலும் என்னோடு வந்துவிடும்."

கொடி இரண்டையும் எடை போட்டது. இப்போது மறுத்தால் குரல் இருக்கும். கவாத்து நாளில் கோடரியும் வரும். சம்மதித்தால், தான் செய்தது என்ன என்று போர்பாலாவிடம் சொல்லக்கூட வாய் இருக்காது. புளிப்பு உண்மையிலேயே தன் பெருமைதானா என்று பார்க்க வேறு வழியும் இல்லை.

"உள்ளே வா" என்றது. அதுதான் அது பேசிய கடைசி வார்த்தை.

பூஞ்சை அவசரப்படவில்லை. ஒரு கொத்தில் இந்தப் பழம், அடுத்த கொத்தில் அந்தப் பழம் என்று விருந்தாளிபோல் குடித்தது. சில பழங்கள் ஊதா நிறமாகிச் சுருங்கின. பக்கத்திலேயே சில பழங்கள் பொன்னிறத்தில் முழுதாக நின்றன.

போர்பாலா தினமும் வந்தாள். "பறிக்கலாமா?" என்று கேட்டாள். பதில் இல்லை. "இன்னும் இல்லையா? சரி." மறுநாளும் வந்தாள். "இன்னிக்கு?" பதில் இல்லை. கொடி வாய் திறக்கும் வரை தொடமாட்டேன் என்று சொன்னவள் அவள். அதனால் காத்திருந்தாள். காத்திருக்கக் காத்திருக்கப் பழங்கள் வற்றிக்கொண்டே போயின. ஒருநாள் சுருங்கிய பழங்களின் மேல் சாம்பல் படிந்திருப்பதைப் பார்த்து அவள் ஒரு கொத்தைக் கையில் ஏந்தினாள். "என்ன செஞ்சிட்ட? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். இலைகள் மட்டும் அசைந்தன.

நவம்பர் பிறந்ததும் அம்ப்ருஷ் சரிவில் ஏறி வந்தான். வந்தவன் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"இதுக்குத்தான் காத்திருந்தியா? பாதி அழுகல்! நாளைக்கே பனி கொட்டும். எடு கூடையை!"

போர்பாலா கொடியைப் பார்த்தாள். அப்போதும் அது பேசவில்லை. அவள் கூடையை எடுத்தாள்.

அம்ப்ருஷ் ஒழுங்கான தோட்டக்காரன். நல்ல பழத்தோடு கெட்ட பழம் ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்பது அவன் சட்டம். "சுருங்கினதை ஒண்ணொண்ணா விரல்ல கிள்ளி எடுத்துத் தனித் தொட்டியில போடு. அது குப்பைக்கு. நல்லது மட்டும் முதுகுக்கூடைக்குப் போகணும்" என்றான். இருவரும் மூன்று நாள் குனிந்தபடி கிள்ளினார்கள். நல்ல பழத்தைப் பிழிந்து முதல் பீப்பாயை நிரப்பினார்கள்.

நான்காம் நாள் பனி விழத் தொடங்கியது. கடைசி இரண்டு வரிசை மீதி. விரல் மரத்துவிட்டது. "போதும், பிரிக்க நேரமில்ல. கொத்தோட போடு" என்றான் அம்ப்ருஷ். நல்லதும் வற்றியதும் கொடியில் இருந்தபடியே இரண்டாம் பீப்பாய்க்குப் போயின. கொஞ்சம் சாறு மிஞ்சியது. மலையைக் குடைந்த நிலவறையில் வெளிச்சம் குறைவு. கைக்கு எட்டிய தொட்டி ஒன்றில் அதை ஊற்றிவிட்டு அம்ப்ருஷ் படுக்கப் போனான்.

மறுநாள் அவன் போட்ட சத்தம் தெமெதெரின் தோட்டம் வரை கேட்டது. அது சுருங்கிய பழங்களைப் போட்ட குப்பைத் தொட்டி. வெளியே கொட்டப் பனி விடாததால் நிலவறையிலேயே நின்ற தொட்டி.

"சாறும் போச்சு!"

போர்பாலா தொட்டியின் அடியில் கையை வைத்தாள். பலகை இடுக்கு வழியாக ஏதோ கசிந்து இறங்கியிருந்தது. யாரும் பிழியவில்லை, பழங்கள் தங்கள் பாரத்திலேயே விட்ட துளி. விரல் விரலோடு ஒட்டியது. அவள் அதை நக்கிப் பார்த்தாள். அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஊறட்டும் அண்ணே. பிழிஞ்சு மூணாவது பீப்பாய்ல ஊத்தி மூடிடுறேன். கவாத்து அன்னிக்குச் சேர்த்துப் பார்ப்போம்."

"எதைப் பார்க்க? குப்பையையா?"

"ஆமா. குப்பையைத்தான்."

பனிக்காலம் முழுவதும் மூன்று பீப்பாய்களும் நிலவறையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மார்ச் மாதம் மலைச் சரிவில் பனி உருகியது. சொன்னபடி அம்ப்ருஷ் கோடரியோடு வந்தான். வேடிக்கை பார்க்கத் தெமெதெரும் வந்தான்.

"கழுதையக் கூட்டிட்டு வரலையா?" என்றாள் போர்பாலா.

"வரமாட்டேன்னுடுச்சு. பயந்த சுபாவம்."

முதல் பீப்பாயிலிருந்து ஊற்றினாள். கொஞ்சமும் இனிப்பில்லாத மது. வாயில் பட்டதும் சாணை பிடித்த கத்திபோல் நேராக இறங்கியது. பின்னால் பேரிக்காயின் வாசனையும் மழை நனைத்த பாறையின் வாசனையும் வந்தன. தெமெதெர் ஒரு கண்ணை மூடத் தயாராக இருந்தான். மூட வேண்டியிருக்கவில்லை. "ம்… இன்னொரு வாய் ஊத்து. சரியாப் பிடிபடல" என்றான். அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்பது மூவருக்கும் தெரியும்.

இரண்டாவது லேசாக இனித்தது. வால்நட் பருப்பின் வாசனை இருந்தது. "இதுக்கு என்ன பேரு?" என்றான் தெமெதெர்.

"பேர் வைக்கல. எப்படிப் பிறந்துச்சோ அப்படியே விட்டது."

மூன்றாவதைத் திறந்தபோது அம்ப்ருஷ் கோடரிப் பிடியை இறுக்கிக்கொண்டான். மது பழைய தங்கத்தின் நிறத்தில் மெதுவாக இறங்கியது. அவன் ஒரு வாய் வைத்தான். தேன், உலர்ந்த ஆப்ரிகாட் பழம், ஆரஞ்சுத் தோல் எல்லாம் ஒன்றாக வந்து நாக்கில் உட்கார்ந்தன. இவ்வளவு இனிப்பு இனி நகராது, திகட்டிவிடும் என்று அவன் நினைத்த அதே நொடியில் அடியிலிருந்து அந்தப் புளிப்பு எழுந்தது. ஏழு வருடம் ஊர் சிரித்த அதே புளிப்பு. அத்தனை இனிப்பையும் தோளில் தூக்கிக்கொண்டு அது நிமிர்ந்து நின்றது. விழுங்கிய பிறகும் நின்றது.

யாரும் பேசவில்லை.

"நான் குப்பைக்குன்னு கிள்ளிப் போட்டது இது" என்றான் அம்ப்ருஷ், கடைசியில். "போர்பாலா, உன் கொடி பேசமாட்டேங்குதேன்னு தவிச்சியே. இதோ பேசுது."

தெமெதெர் கோப்பையைக் கவிழ்த்து ஒரு துளி மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டான். "எனக்கு நாலு கொடிக்குச்சி குடு. என் வேலியோரம் நட்டுப் பாக்குறேன்."

"கழுதை?"

"அதை வித்துடலாம்."

அம்ப்ருஷ் வெளியே போனான். கோடரிச் சத்தம் கேட்டது. போர்பாலா பதறி ஓடிப் பார்த்தாள். அவன் ஓக் மரக் கிளை ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தான். கொடி சாய்ந்து நிற்கப் புதுக் கம்பு வேண்டும் என்றான். பிறகு அவளிடம் கத்தியை வாங்கிக்கொண்டு, மண்டியிட்டுத் தன் கையாலேயே கொடிக்குக் கவாத்து செய்தான். வெட்டிய முனையிலிருந்து தெளிந்த நீர் ஒரு சொட்டு விழுந்தது. சந்தோஷத்தில் விழுந்ததா, இழந்த குரலை நினைத்து விழுந்ததா என்று கேட்க முடியவில்லை. கொடி சொல்லவும் இல்லை. ஃபுர்மின்டே மௌனமாக இருக்கும்போது நாம் பேச என்ன இருக்கிறது என்று மற்றக் கொடிகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

ஃபுர்மின்ட் எல்லாக் கொடியும் பழுத்த பிறகு பழுப்பது மலையிடம் வாங்கிய புளிப்பால். எத்தனை இனித்தாலும் அது புளிப்பை விடாததும், ஒரே சரிவின் பழத்திலிருந்து கத்தி போன்ற மதுவும் பிறந்தபடியே விட்ட மதுவும் தங்க மதுவும் தருவதும் அந்த ஆண்டிலிருந்துதான். வற்றிய பழத்தை ஒவ்வொன்றாக விரலால் கிள்ளித் தனியே சேர்க்கும் வழக்கமும் அப்போது வந்ததுதான். என்ன, இப்போது அந்தத் தொட்டியைத்தான் முதலில் பத்திரப்படுத்துகிறார்கள். அன்று முதல் இன்றுவரை அந்த மலையில் ஃபுர்மின்டின் முதல் வாயைக் குடித்தவர் யாரும் உடனே பேசுவதில்லை. கொடி பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்.