தண்ணி தொடாத வள்ளம்

பிரகாசியா மயினி புதுசா எடுத்த பைபர் வள்ளத்துக்குள்ள ஜி.பி.எஸ். பெட்டி மாட்டணும். அதுக்கு இன்ஜின் மாட்டுற பின்பலகையில துளை போடணும். மயினிக்கு அதுல பெரிய பயம். பழைய வள்ளம் போனதே ஒரு ஸ்க்ரூ துளையாலதான். வெளிய பைபர் பளபளன்னு இருக்க, துளை வழியா கசிஞ்ச தண்ணி உள்ள இருந்த ப்ளைவுட்டை ஊறுன ரொட்டியா ஆக்கிட்டு. நடுக்கடல்ல இன்ஜின் பலகையோட பிஞ்சு தொங்குச்சு.

"நான் இருக்கேம்லா மயினி"ன்னு டிரில்லரைத் தூக்கிட்டு வந்தான் குருசுமிக்கேல். தூரத்துச் சொந்தத்துல அவளுக்குக் கொழுந்தன் முறை. ஐஸ் கொண்டுபோன நானும் அங்கனயே நின்னுட்டேன்.

எப்படிப் போடுவன்னு மயினி கேட்டா. துளையைப் பெருசா போட்டு, உள்ள ரெசினை ஊத்தி, அது கல்லா இறுகின பொறவு அதுக்கு நடுவுல சின்னத் துளை போட்டு, பசை வெச்சு போல்ட்டை முறுக்கணும், அப்போ தண்ணி மரத்தைத் தொடாதுன்னான். அதுவரைக்கும் சரியாத்தான் சொன்னான். அதோட நிறுத்தியிருக்கலாம்.

போன வருசம் அவன் அண்ணன் வள்ளத்துக்கு இதே வேலையைச் செஞ்சானாம். பசை ஒரு விரக்கடை கூடிப்போச்சாம். அன்னையிலருந்து உள்ள விழுந்த அலை, நிக்க இடமில்லாம வந்த வழியே திரும்பிப் போயிருக்கு. பிடிச்ச மீனெல்லாம் கரைக்கு வர முன்ன கருவாடா காஞ்சிட்டாம்.

"ஐஸ் போட்டிருப்பியளே?"ன்னு நான் கேட்டேன்.

"போட்டோம். உருகுச்சு. ஆனா தண்ணி வரல."

"பின்ன என்ன வந்துது?"

"குளிர் மட்டும் வந்துது."

ஐப்பசி மழை அந்த வள்ளத்துக்கு மேல வந்ததும் ரெண்டா பிரிஞ்சு பெய்ஞ்சதாம். பக்கத்து வள்ளக்காரங்க நனையாம பீடி பத்தவைக்க வரிசையில வந்தாங்களாம். அவன் கதையில இன்னும் ஏறுனான்.

கடைசில ஒரு நாள் கடலே பயந்துட்டாம். வள்ளம் தண்ணிக்கு மேல ஒரு சாண் உசரத்துல நின்னுட்டு. இன்ஜின் விசிறி காத்துல சுத்துது, வள்ளம் அசையல. துடுப்பும் எட்டல. ஆளுக பூரா செபமாலையை எடுத்துட்டாங்க.

"அப்புறம் எப்படிக் கரை சேந்திய?" மயினி கேட்டா.

குருசுமிக்கேல் நெஞ்சை நிமித்துனான். "என் மூளைதான் மயினி. ஒரு போல்ட்டைக் கழத்திவிட்டேன். வள்ளம் மெல்ல இறங்கிக் கடல்ல உக்காந்துது. ஓட்டிட்டு வந்துட்டோம்."

மயினி டிரில்லரை அவன் கையிலருந்து வாங்கி, வயரைச் சுருட்டுனா.

"அப்போ நீ போட்ட துளை வழியா தண்ணி உள்ள போயிருக்கு."

அவன் ரெண்டு விரலை ஒட்டுனாப்புல வெச்சுக் காட்டுனான்.

"கொஞ்சந்தான் மயினி."